செம்பட்டை முடிக்காரி நோரா

கரிசலாங்கண்ணித் தைலத்தின் வாடை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் கழுத்து தானாகக் குனிந்துகொள்ளும். சிகந்தராபாத் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்வாசல் படியில் என்னை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு அம்மா உச்சந்தலையில் ஊற்றித் தேய்க்கும் அந்தப் பச்சை எண்ணெய், காதோரம் வழிந்து, பிடரியில் இறங்கி, பள்ளிக்கூடச் சட்டையின் காலரில் போய்க் குடியேறிவிடும். எந்தச் சோப்புக்கும் அது அசைந்து கொடுத்ததில்லை. இத்தனை பாடும் எதற்கு என்றால், என் முடி செம்பட்டை.

செம்பட்டை என்றால் ஏதோ வெயிலில் பார்த்தால் மட்டும் லேசாகத் தெரிகிற செம்பட்டை இல்லை. பிறவியிலேயே செங்கல்பொடியைத் தூவிவிட்ட மாதிரி. தெருவில் தெலுங்குப் பிள்ளைகள் என்னை ‘எர்ர ஜுட்டு’ என்பார்கள், சிவப்பு முடி என்று பொருள். அவர்களையாவது துரத்தி அடிக்கலாம். பொன்மலையிலிருந்து லீவுக்கு வருகிற சொந்தக்காரர்களை என்ன செய்வது? “ஏன் கமலா, பிள்ளைக்கு எண்ணெயே வைக்கறதில்லையா?” என்று அவர்கள் கேட்கும்போது அம்மாவின் முகம் சுண்டிப் போகும். ஏனென்றால் அம்மாவின் முடி இடுப்பைத் தாண்டும், கருகருவென்று. அதைப் பார்த்துத்தான் கட்டிக்கொண்டேன் என்று ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்த அப்பா வாய் நிறையச் சொல்லிக்கொள்வார். அப்படிப்பட்டவளுக்கு இப்படியொரு பெண்.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் டாரத்தி ஆன்ட்டி போத்தனூரில் பிறந்து வளர்ந்த ஆங்கிலோ இந்தியப் பெண்மணி. என்ஜின் ஓட்டிய கணவரோடு இங்கே மாற்றலாகி வந்தவர். கவுன் போட்டுக்கொண்டு, தமிழை அம்மாவைவிட வேகமாகப் பேசுவார். அவருடைய தாத்தா அயர்லாந்துக்காரராம். அந்த ஒரு தாத்தாவை வைத்துக்கொண்டு, அயர்லாந்திலிருந்து சினிமாவுக்குப் போன நோரா என்ற நடிகையை ஆன்ட்டி தன் வீட்டுப் பெண்ணாகவே சுவீகாரம் எடுத்துக்கொண்டிருந்தார். பழைய சினிமாப் பத்திரிகைகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய உண்டு. சாயங்காலம் பட்டாணி உரித்துக்கொண்டே நோராவின் கதையை அவர் சொல்லும் அழகே தனி. அமெரிக்காவில் இருக்கிற அத்தை மகளைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கும்.

நோராவின் ஊர் கடலோரம். மீன்பிடிப் படகுகள்தான் பிழைப்பு. அந்த ஊரில் படகேறப் போகிறவனுக்கு எதிரே செம்பட்டை முடிப் பெண் வந்தால் சகுனம் சரியில்லை என்று வலையைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவானாம். அதனால் படகுகள் எல்லாம் போய்ச்சேரும் வரை நோராவை வெளியே விடாமல் உள்ளேயே வைத்திருப்பார்களாம். இதைக் கேட்டதும் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா, “அங்கேயுமா! வெள்ளைக்காரனுக்குமா சகுனம்!” என்று முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். எனக்கோ அன்றைக்கு அப்படியொரு நிம்மதி. உலகத்தில் இன்னொருத்தி இருக்கிறாள்.

பிறகு அவள் மாதா கோயிலில் பாடியது, டப்ளின் நகரத்தில் மேடையேறியது, அங்கிருந்து லண்டனுக்குப் போனது என்று கதை வளரும். லண்டனில் படக் கம்பெனிக்காரர்கள் முடிக்குப் பொன்னிறச் சாயம் பூசிக்கொண்டு வா என்றார்கள். மாட்டேன் என்றாள். அப்படியானால் நடையைக் கட்டு என்றார்கள். கட்டினாள். டீக்கடையில் தட்டு கழுவினாள். கறுப்பு வெள்ளைப் படத்தில் எந்த நிறமாயிருந்தால் என்ன என்று ஒரு டைரக்டர் கூப்பிட்ட பிறகுதான் சின்னச் சின்ன வேடங்கள் கிடைத்தன. அப்புறம் கலர் வந்தது. “அதே முடி மேன்! எந்த முடியைப் பார்த்துப் போடின்னாங்களோ, அதே முடிக்காக ஹாலிவுட்ல இருந்து ஆள் அனுப்பிக் கூட்டிட்டுப் போனாங்க!” என்று ஆன்ட்டி முடிக்கும்போது பட்டாணி நாலாபக்கமும் சிதறும். குதிரையேறினாள், கத்தி சுழற்றினாள், பாறையிலிருந்து தானே குதித்தாள். எல்லாம் உச்சத்தில் இருக்கும்போது போதும் என்று ஊருக்குத் திரும்பி, அதே கடலோரத்தில் வீடு கட்டிக்கொண்டு கோழி வளர்க்கிறாள். எனக்கு அந்தக் கோழிகளைக்கூடப் பிடிக்கும்.

ஆனால் கதை கேட்டால் முடி கறுத்துவிடுமா? தெருமுனை பர்வீன் பாஜி வீட்டில் தலைக்கு மருதாணி போட்டுக்கொள்வதைப் பார்த்துவிட்டு, அது முடிக்கு ரொம்ப நல்லது என்று அவர் சொன்னதை முடி கறுக்கும் என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டு, அம்மா எனக்கும் ஒரு கிண்ணம் அரைத்து அப்பினாள். அலசிப் பார்த்தால் தலை தக்காளிப் பழம். பர்வீன் பாஜி ஓடி வந்து, “ஐயோ பேட்டி, நக்கோ போலி தோ தேரி அம்மா சுன்தி நை!” என்று வாயில் கை வைத்துக்கொண்டார். வேண்டாம் என்றேன், உன் அம்மா கேட்கவில்லை என்கிறார். அவர் எப்போது அப்படிச் சொன்னார் என்று அம்மாவுக்கு இன்றுவரை நினைவில்லை. அன்றைக்கே குளித்துவிட்டு, சாமி படத்துக்கு முன்னால் மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். “ஏழுமலையானே, கோடை லீவுல வந்து முடி குடுத்துடறேன்.” மொட்டை போட்டால் அடுத்து முளைக்கிற முடி கறுப்பாக முளைக்கும் என்பது அவள் கணக்கு.

எனக்கு வயது பத்து. பள்ளிக்கூடம் திறக்கும்போது மொட்டைத் தலையோடு போய் நிற்க வேண்டும். ‘எர்ர ஜுட்டு’ போய் ‘குண்டு’ வரும். தெலுங்கில் மொட்டைக்கு அதுதான் பெயர். அதைவிட, நோரா சாயம்கூடப் பூச மாட்டேன் என்றவள். நான் அடியோடு சிரைத்துக்கொண்டு வரப் போகிறேன் என்ற அவமானம்தான் என்னை அழவைத்தது. இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னால் முதுகில் ஒன்று விழும் என்பதால் ஆன்ட்டியிடம் போய் அழுதேன்.

ஆன்ட்டி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்துவிட்டார். “கமலா, சனிக்கிழமை இன்ஸ்டிட்யூட்ல நோரா படம் போடறான். நீ வந்து அவ முடியைப் பாரு மேன். பார்த்துட்டு அப்புறம் சொல்லு, இந்தப் பிள்ளை தலையில கத்தி வைக்கணுமான்னு.” அம்மாவும் வந்தாள். ரயில்வே இன்ஸ்டிட்யூட்டின் வெட்டவெளியில் வெள்ளைத் திரை கட்டி, பாய் விரித்து, காலனியே உட்கார்ந்திருந்தது. நோரா வந்தாள். முடி தார் போலக் கறுத்து மின்னியது. ஏனென்றால் அது அவளுடைய பழைய காலத்துக் கறுப்பு வெள்ளைப் படம்.

“இதுவா செம்பட்டை?” என்றாள் அம்மா, பாய்க்குப் பாய் கேட்கும்படியாக. “எண்ணெய் வழிய வழிய எங்க அக்கா முடி மாதிரியில்ல இருக்கு! ஏன் டாரத்தி, பிள்ளைக்குப் பொய் சொல்லிக் குடுக்கறே?”

“ஐயோ, இது கலர் இல்லாத படம் மேன்! சிவப்பும் கறுப்பாத்தான் தெரியும்!”

“நான் பார்க்காத கறுப்பு வெள்ளைப் படமா? அதுல எல்லாருக்கும் கறுப்பு முடிதான். நேர்லயும் கறுப்புத்தான்.” அம்மா சொன்னதிலும் தப்பில்லை. அவள் பார்த்த படங்களில் நடித்தவர்கள் எல்லோருக்கும் நிஜத்திலும் கறுப்பு முடிதானே! “அவளும் ஏதோ தைலம் தேய்ச்சுக் கறுப்பாக்கிக்கிட்டிருக்கா. பார்த்துக்கடி வசந்தி” என்று என்னை இடித்தாளே பார்க்கலாம். எனக்கு வந்த அழுகையில் படத்தின் கதை என்ன என்றே தெரியாமல் போயிற்று. மறுவாரம் அப்பா திருப்பதிக்குப் பாஸ் எழுதி வாங்கிவிட்டார்.

ஆன்ட்டி விடுகிற ஜாதி இல்லை. கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சிகந்தராபாத் தியேட்டர் ஒன்றில் காலைக்காட்சியாக நோராவின் கலர்ப்படம். அம்மா வர மறுத்ததும், “நான் பொய்க்காரின்னு காலனி முழுக்கச் சொன்னே இல்ல? வந்து பார்த்துட்டுச் சொல்லு” என்று ஒரு போடு போட்டார். மானப் பிரச்சினை ஆகிவிட்டதால் அம்மா புடவை மாற்றிக்கொண்டாள்.

அந்தக் காட்சி எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பச்சைப் புல் மேடு, பின்னால் கடல். தலையில் துணி கட்டிக்கொண்டு நோரா ஏறி வருகிறாள். காற்று அந்தத் துணியைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. அவ்வளவுதான், திரை முழுக்க அந்த முடி. சிவப்பு. என் சிவப்பு. பின்வரிசையிலிருந்து யாரோ, “அரே, க்யா பால் ஹை ரே!”, என்ன முடிடா இது என்று கத்த, தியேட்டரே விசிலடித்தது. சகுனம் சரியில்லை என்று வீட்டில் அடைத்து வைத்த முடிக்கு இந்த மரியாதை. நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. ஆன்ட்டி கர்ச்சீப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அம்மாவின் கை என் தலைக்கு வந்தது. இறுக்கிப் பின்னியிருந்த என் சடையை ரிப்பனோடு அவிழ்த்து, முடியைத் தோளில் பரத்திவிட்டு, அப்படியே கையை எடுக்காமல் படம் பார்த்தாள். அதற்குமுன் அவள் என் தலையைத் தொட்டதெல்லாம் எண்ணெய் தேய்க்கத்தான்.

வீட்டுக்கு வந்ததும், மொட்டை வேண்டாம் என்று சொல்லுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அப்பாதான் ஆரம்பித்தார்: “படம் பார்த்ததுக்காக வேண்டுதலை மாத்த முடியுமா? தெய்வக் குத்தம் ஆயிடும்.” அம்மா, “மாத்தறேன்னு யார் சொன்னா?” என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவ்வளவுதான், முடிந்தது என் கதை என்று நினைத்தேன். ரயிலில் வழி நெடுக, ஜன்னல் காற்றில் பறக்கிற என் முடியைக் கையில் பிடித்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். அதை அழகென்று நினைக்க எனக்குக் கிடைத்த நாட்கள் அவைதான் என்று தோன்றியது.

திருமலையில் மொட்டை போடுகிற மண்டபத்தில் ஈரத்தரை, முடிக்குவியல், சிணுங்கும் குழந்தைகள். எங்கள் முறை வந்ததும் நாவிதர் என்னைப் பார்த்து, “ரா தல்லி, கூர்ச்சோ” என்று பலகையைக் காட்டினார். நான் முடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அம்மா என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு, தன் கொண்டையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, அந்தப் பலகையில் போய் உட்கார்ந்தாள்.

“கமலா!” என்று அப்பா அலறிவிட்டார்.

“என்ன கமலா? வேண்டிக்கிட்டது நான்தானே? முடி குடுக்கறேன்னுதான் சொன்னேன். யார் முடின்னு சாமிகிட்ட சொல்லலையே!” என்றவள், நாவிதரைப் பார்த்து, “கானிவ்வண்டி”, ஆகட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டாள். அந்த முடி இறங்கி அவள் மடியை மூடி, தரையை மூடியது. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் வாய்விட்டு அழுதேன். அவள்தான் அழவில்லை. எழுந்து சந்தனத்தைப் பூசிக்கொண்டு, “பாரம் குறைஞ்ச மாதிரி இருக்குடி” என்றாள்.

திரும்பி வந்தபோது ஆன்ட்டி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். “ஜீசஸ்! கமலா, என்னா மேன் பண்ணிட்டு வந்திருக்கே?” அம்மா தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்: “முளைக்கும். அது கிடக்கட்டும், அவ படம் அடுத்தது எப்ப வருது?” அன்றிலிருந்து நோரா எங்கள் வீட்டுக்கும் சொந்தம். எங்கே காலைக்காட்சி போட்டாலும் மூன்று பேரும் போவோம். கதை பாதி புரியாது. அம்மா தனக்கு வேண்டியபடி ஒரு கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். அம்மாவின் முடி மறுபடி வளர்ந்தது, ஆனால் தோளைத் தாண்டவில்லை. அதைப் பற்றி யார் வருத்தப்பட்டாலும் “வேலை மிச்சம்” என்பாள். கரிசலாங்கண்ணி எங்கள் வீட்டை விட்டே போயிற்று.

இப்போது நான் அதே ஊரில், சைனிக்புரியில் இருக்கிறேன், அம்மா என்னோடு. குவார்ட்டர்ஸில் பாதி வீடுகளுக்கு ஓடில்லை. இன்ஸ்டிட்யூட்டில் திரை கட்டிய கம்பங்களைக் காணோம். அந்தத் தியேட்டர் இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். டாரத்தி ஆன்ட்டி மகனோடு ஆஸ்திரேலியாவுக்குப் போய் அங்கேயே அடங்கிவிட்டார். கொண்டாப்பூரில் இருக்கிற என் மகள் பார்லரில் உட்கார்ந்து முடிக்குச் செம்பட்டைச் சாயம் போட்டுக்கொண்டு வருகிறாள். என் முடியோ நரைத்துவிட்டது. எனக்குக் குறையொன்றும் இல்லை. ஒரு பிறவியில் ஒரு பெண் குழந்தைக்குக் கிடைக்க வேண்டிய தெம்பு எனக்குக் கிடைத்துவிட்டது. கடல் கடந்து இருந்த ஒருத்தி கொடுத்தாள், பக்கத்து வீட்டுக்காரி கொண்டுவந்து சேர்த்தாள், பெற்றவள் தன் தலையைக் கொடுத்து அதைக் காப்பாற்றினாள்.

போன மழைக்காலத்தில் ஒருநாள் காலை, நூறை நெருங்கிய வயதில் நோரா தன் ஊரிலேயே இறந்துபோனதாகக் கைபேசியில் செய்தி பார்த்தேன். காப்பி குடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் சொன்னேன். டம்ளரைக் கீழே வைத்தாள்.

“எப்போ?”

“முந்தாநாள்.”

“கஷ்டப்படாமப் போனாளா?”

“தூக்கத்திலேயாம்.”

சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “பாத்ரூம்ல தண்ணி பிடிச்சு வை. தலைக்கு ஊத்திக்கணும்.”

“மழையில சளி பிடிச்சுக்கும்மா. அவங்க நமக்கு என்ன உறவு?”

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். எண்பது வயதைத் தாண்டிய அந்தக் கண்ணில் பழைய கோபம் எட்டிப் பார்த்தது. “உன் தலையைக் காப்பாத்திக் குடுத்தவ போயிருக்கா. உறவு என்னன்னா கேக்கறே? சாவு சேதி கேட்டுட்டு அப்படியே உக்காந்திருக்கச் சொல்றியா?”

தண்ணீர் பிடித்து வைத்தேன். அம்மா குளித்துவிட்டு வந்ததும், நானும் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டேன்.