தலை சுற்றிய கோழி

காய்ந்த ஆரஞ்சுத் தோலைக் குளிர்காயும் கணப்பில் போட்டால் முதலில் சடசடவென்று பொரியும், பிறகு இனிப்பும் கசப்புமாக ஒரு புகை எழுந்து சட்டையில் ஏறிக்கொள்ளும், திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிறவள் மோந்து பார்த்துவிட்டு, "உங்க ஊட்ல விருந்தா?" என்று கேட்பாள். எண்பதுகளின் தொடக்கத்தில், ஏற்காட்டிலிருந்து வாழவந்தி போகிற வழியில், ஒரு காப்பி எஸ்டேட்டின் 'ரைட்டர் குவார்ட்டர்ஸ்'இல் நாங்கள் குடியிருந்தபோது, பெரும்பாலான சனிக்கிழமை மாலைகளின் வாசனை அதுதான். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் இல்லை, எஸ்டேட்டின் ஆள்வரவை எழுதுகிறவர், அது அப்பா. மற்ற வியாதி பிற்காலத்தில் எனக்கு வந்தது.

அப்பாவுக்கு விருந்து வைப்பதில் பைத்தியம், அதிலும் 'அலட்டிக்காத' விருந்து. மேசை கிடையாது, பந்தி கிடையாது. வாசலில் கணப்பைச் சுற்றிக் காப்பிச் சாக்குகளை விரித்து, ஆளுக்கொரு பீங்கான் தட்டைக் கையில் கொடுத்துவிட்டால், வேண்டியவர் வேண்டியதை அடுப்படிக்கே போய்ப் போட்டுக்கொள்ளலாம். சேலத்திலிருந்து மலையேறி வரும் நண்பர்களிடம், "ஒண்ணும் பெருசா பண்ணலீங்க, ஊட்ல இருக்கறத சாப்புட்டுப் போலாங்க" என்பார். அந்த 'இருக்கறது', அதாவது சாமைச்சோறும் மிளகு தூக்கலான நாட்டுக்கோழிக் குழம்பும், சனிக்கிழமை வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காக அம்மா வியாழக்கிழமையே சாமையும் உலக்கையுமாக உரலடிக்குப் போய்விடுவாள். "உங்கப்பா அலட்டிக்காம இருக்கறதுக்கு நானு நொம்ப அலட்டிக்க வேண்டியிருக்குது" என்று அவள் சொல்வது கணப்படி வரைக்கும் கேட்டதேயில்லை.

விருந்து விஷயத்தில் அப்பாவுக்கு உறுதியான கொள்கைகள் உண்டு. கூப்பிட்டவன் தன் வீட்டுச் சரக்கைத் தானே மெச்சக் கூடாது. எனவே அம்மாவின் குழம்பை விருந்தாளிகள் எதிரில் அவர் ஒரு நாளும் புகழ்ந்ததில்லை. விருந்துக்குப் போனவனோ, எத்தனை தரம் கேட்ட வேடிக்கையானாலும் முதல் தரம் கேட்பதுபோல் சிரித்தே ஆக வேண்டும். "சிரிக்க மாட்டேன்னா ஊட்லயே சோறு தின்னுட்டுப் படுத்துக்கலாமில்ல, கண்ணு?"

சாப்பாடு முடிந்ததும், "கண்டக்டர் வந்தாச்சுங்களா?" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். பாவாடைக்கு மேல் அப்பாவின் பழைய காக்கிச் சட்டையும் தோளில் மஞ்சள் பையுமாக நான் வெளிப்பட்டு, வாயில் விரலை வைத்து ஒரு விசில் அடிப்பேன். சேலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறும் பஸ் அது. "ஏனுங்க, வாந்தி வர்றவங்க சன்னல் பக்கம் வாங்க, வந்து முடிஞ்சவங்க எந்திரிச்சு எடம் குடுங்க!" என்று அதட்டிக்கொண்டே, ஒவ்வொரு வளைவுக்கும் விருந்தாளிகள் மேல் சாய்ந்து விழுவேன். கடைசியில் நானே நடிக்கும் ஒரு கிழவி கோழியை அணைத்துக்கொண்டு எழுந்து, "ஏனுஞ்சாமி, கோழிக்குத் தல சுத்துதாம், வண்டிய செத்த நிறுத்துங்க" என்பாள். பஸ்ஸும் கண்டக்டரும் உலகத்துக்குப் பொது. அந்தக் கோழி மட்டும் என்னுடையது. எந்தப் பஸ்ஸிலும் நான் அதைப் பார்த்ததில்லை, ஒரு நாள் குளிக்கும்போது தானாக வந்தது.

கூட்டம் உருண்டு சிரிக்கும். அப்பா மட்டும் சிரிக்க மாட்டார். கணப்பில் இன்னொரு தோலைப் போட்டுவிட்டு, யார் யார் சிரிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார். வீட்டுச் சரக்கை மெச்சக் கூடாதே, நானும் அம்மாவின் குழம்பும் ஒரே கணக்கு என்று சமாதானம் செய்துகொண்டேன். ஆனாலும் ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் அந்தக் காக்கிச் சட்டையை மாட்டியது அந்த ஒரு மனிதர் சிரிப்பதைப் பார்க்கத்தான். ஒரே ஒரு ஆளைச் சிரிக்க வைக்க நாடகம் போடுகிறவர்கள் உருப்படுவதில்லை. நான் நகைச்சுவைக் கட்டுரை எழுதப் போய்விட்டேன்.

விருந்தாளிகளில் தவறாமல் வருகிறவர் தனசேகர் மாமா. சேலத்தில் ஜவுளிக்கடை. வந்தால் அடுப்படிக்கே போய், "அக்கா, மொளகு எப்பப் போடறீங்க?" என்று அக்கறையாகக் கேட்பார், சாக்கைத் தடவிப் பார்த்து, "இதுல உக்காந்தாத்தானுங்க ருசியே" என்பார். அதெல்லாம் அவருடைய அன்பு என்று நாங்கள் நினைத்தோம். ஒரு கோடையில் அவர் ஏரிப் பக்கமாகப் பழைய பங்களா ஒன்றை வாங்கி லாட்ஜ் திறந்தார். முதல் விருந்துக்கு எங்களைக் குடும்பத்தோடு அழைத்தார்.

போனோம். வாசலில் கணப்பு. சுற்றிலும் காப்பிக்கொட்டையையே பார்த்திராத புத்தம்புதுச் சாக்குகள். பீங்கான் தட்டுகள். ஆரஞ்சுத் தோல். மெட்ராஸிலிருந்து வந்து காசு கொடுத்துத் தங்கியிருந்த கும்பலிடம் மாமா கைகூப்பி, "ஒண்ணும் பெருசா பண்ணலீங்க, ஊட்ல இருக்கறத சாப்புட்டுப் போலாங்க" என்றார். அம்மா குழம்பை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "மொளகு சரியாத்தான் போட்டிருக்கான்" என்றாள். அம்மா அவரை 'அவன்' என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

சாப்பாடு முடிந்ததும் ஒரு விசில் கேட்டது. என்னுடையதைப் போல விரல் விசில் இல்லை, நிஜமான பித்தளை விசில். மாமாவின் மகன் ரவி, அளவெடுத்துத் தைத்த காக்கி உடுப்பில், தோல் பையோடு வந்தான். வாந்தி வந்தது, வளைவுகள் வந்தன, கோழியும் வந்தது. அவன் கிழவிக்குக் கூன் வேறு போட்டிருந்தான், கோழியை ஒரு கழுத்துச் சுழற்றலில் காட்டினான். நல்ல யோசனை, எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்ற வயிற்றெரிச்சல் இன்றும் உண்டு. நான் திரும்பி அப்பாவைப் பார்த்தேன். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். வாய்விட்டு, தோள் குலுங்க, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துண்டால் கண்ணைத் துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றித் துடைத்துச் சிரித்தார்.

"ஏனுங்க, அது நம்ம புள்ளையோட கோழிங்க" என்றாள் அம்மா, அவருக்கு மட்டும் கேட்கும்படி. அவர் காதில் விழவில்லை.

பனிமூட்டத்தில் நடந்து திரும்பும்போது கேட்டேன்: "ஏம்ப்பா அப்பிடிச் சிரிச்சீங்க?"

"விருந்துக்குப் போன எடத்துல உம்முனு உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும், சாமி?"

"கண்ணுல தண்ணி வந்துச்சே?"

"அது பொகை, கண்ணு."

அடுத்த சனிக்கிழமையும் அவர் லாட்ஜுக்குப் போனார், அதற்கடுத்ததும். எங்கள் வாசலுக்கு வந்துகொண்டிருந்தவர்களும் அங்கேதான் போனார்கள். அங்கே என்றால் ஏரியும் பக்கத்திலேயே இருந்தது. "விருந்தாளியா இருக்கறதே ஒரு சொகந்தானுங்க" என்று யாரிடமோ அப்பா சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா உலக்கையை மூலையில் சாத்திவிட்டு, "எனக்கு வியாழக்கெழம லீவு உட்டாச்சு" என்றாள். சந்தோஷமாகச் சொன்ன மாதிரி இல்லை. காக்கிச் சட்டை அடுப்படித் துணியானது.

போன மாதம் கணவரோடு ஏற்காடு போயிருந்தேன். குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் கம்பிவேலி. லாட்ஜை இடித்துவிட்டார்கள். வீட்டுக்கு வீடு கொல்லையில் காய்த்த அந்த மலை ஆரஞ்சைத் தேடவேண்டியிருக்கிறது. கடையில் விற்பது வேறெங்கிருந்தோ லாரியில் வந்தது. அப்பா இல்லை, அம்மாவும் இல்லை. கரடியூர்ப் பக்கம் ஒரு 'ஹோம்ஸ்டே'யில் தங்கினோம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் அங்கே கணப்பு மூட்டினார்கள். எங்கிருந்தோ பிழைக்க வந்த ஓர் இளைஞர், ஏற்காட்டுப் பழைய வேடிக்கை என்று சொல்லி, விசில் ஊதினார். கோழி இப்போது பஸ்ஸிலிருந்து வேனுக்கு மாறியிருக்கிறது. ஆனாலும் அதற்குத் தலை சுற்றியது.

நான் விருந்தாளி. அப்பா சொன்னபடியே, முதல் தரம் கேட்பதுபோல், வாய்விட்டு, தோள் குலுங்கச் சிரித்தேன். கணவர்கூடத் திரும்பிப் பார்த்தார். அப்பா சொன்ன புகையையும் பார்த்துவிடலாம் என்று, காற்று பார்த்து, புகை வருகிற பக்கமாகத்தான் முன்பே உட்கார்ந்திருந்தேன். சிரித்து முடித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, இரண்டு கண்ணையும் விரலால் தொட்டுப் பார்த்தேன்.

காய்ந்துதான் இருந்தன.