காத்து போவணும்

பழுதுபார்க்கக் கூப்பிட்ட வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் ரேடியோ மெக்கானிக் தனசீலன் யாரையும் பார்ப்பதில்லை. நேரே ரேடியோவின் பின்பக்கம் போய் முதுகு அட்டையில் உள்ளங்கையை வைக்கிறார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோலக் கண்ணை மூடிச் சற்று நேரம் நிற்கிறார். வீட்டுக்காரருக்கு வணக்கம் அதற்குப் பிறகுதான்.

மாதுங்காவில் பஞ்சாபகேசன் என்றொரு தலைமைக் குமாஸ்தா. அவரைச் சீண்டாமல் விடமாட்டார்.

"என்ன ஓய், இன்னிக்கு ஜுரம் எத்தனை டிகிரி?"

"சிரிக்காதிய சாமி. பெட்டிய சுவத்தோட ஒட்டி வச்சிருக்கிய. ஒரு சாண் முன்னால தள்ளி வையிங்க. மேல என்ன இது, பூப்போட்ட துணி?"

"எங்காத்துக்காரி போட்ட எம்பிராய்டரி. அதை எடுத்தா எனக்குச் சாப்பாடு கட்."

"இந்தப் பம்பாய் கர்மியில, இந்த வெக்கையில, நீங்க கம்பளி போத்திட்டு உக்காருவியளா?" என்று கேட்டபடியே தனசீலன் துணியை எடுத்து, நான்காக மடித்து, அவர் கையிலேயே கொடுத்துவிடுவார்.

தனசீலனுக்கு நாற்பத்தைந்து வயது. நாசரேத் பக்கம். தாராவியில் குடியிருப்பு. ஒல்லி உடம்பு, விரல் நுனியெல்லாம் ஈயப் பற்றுச் சூட்டுத் தழும்பு. இருபது வருஷமாக ஊரார் ரேடியோவைப் பாடவைக்கிறவர் வீட்டில் ரேடியோ கிடையாது. ரயிலில் போகும்போது திடீரென்று மூக்கை உறிஞ்சுவார். எங்கோ ரப்பர் கருகும் வாசனை, அவருக்கு வியர்த்துவிடும். பத்து நிமிஷம் தாமதமானாலும் சரி, அடுத்த ஸ்டேஷனில் இறங்கி வேறு வண்டிக்குக் காத்திருப்பார்.

ஏழு வருஷங்களுக்கு முன்னால் ஒரு பலகைவீட்டுச் சந்து எரிந்தது. பன்னிரண்டு வீடு. முந்தின நாள்தான் அந்தச் சந்தில் ஒரு ரேடியோவைச் சரிசெய்து சுவரோரம் வைத்துவிட்டு வந்திருந்தார் தனசீலன். தீ எங்கிருந்து கிளம்பியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. யாரும் அவரைக் கேட்கவுமில்லை. அந்தக் கேள்வியை அவரே தினமும் தன்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது, எந்தப் பெட்டியானாலும் அவர் முதலில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பதிலேயே தெரியும்.

போன ஆடி மாதம் ஒரு பிற்பகல். என் ரேடியோவையும் அவர்தான் பார்ப்பார்; அதற்கு வால்வு வாங்க அவரோடு தாராவிக்குப் போயிருந்தேன். நல்ல மழை. சந்தில் நடக்கும்போது ஒரு வீட்டிலிருந்து இலங்கை வானொலிப் பாட்டு கேட்டது. பாடுகிறவரின் குரல் கரகரத்து, தேய்ந்து, கிணற்றுக்குள் இறங்குவதுபோல இறங்கியது. தனசீலன் நின்றுவிட்டார்.

"நான் பாத்த பெட்டி. பதினஞ்சு நாளுகூட ஆவல," என்றார். விறுவிறுவென்று அந்த வீட்டுக்குள் நுழைந்தார்; நானும் பின்னால் போனேன்.

அது அவர் ஊர்ப்பக்கத்து இசக்கியம்மாள் வீடு. புருஷன் தோல் பட்டறைக்கு வேலைக்குப் போயிருந்தான்; அவள் மட்டும் இருந்தாள். பலகைச் சுவர், தகரக் கூரை. சுவரில் அடித்த தட்டில் ரேடியோ. அதற்கு ஒரு முழம் தள்ளித் தூளி. தூளியில் எட்டு மாதப் பெண்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

பெட்டியின் முதுகில் கையை வைத்த தனசீலன் சுட்டுக்கொண்டவராக உதறினார். மறுகணம் பிளக்கைப் பிடுங்கினார்.

முதுகு அட்டையில் ஒரு துளைகூடக் கண்ணில் படவில்லை. மூன்று வரிசைத் துளைகளையும் மராத்திப் பத்திரிகைத் தாளால், மைதாப் பசை தடவி, அழுத்தமாக அடைத்திருந்தது. தாளின்மேல் விபூதி. நடுவில் தாள் பழுத்துக் காப்பி நிறமாகியிருந்தது.

"ஏட்டி, யாரு இத அடச்சது?"

"நாந்தான் அண்ணாச்சி. பின்பக்கம் காத்து போவணும், அத மட்டும் பாத்துக்கன்னு நீங்கதான சொன்னிய?"

"ஆமா, சொன்னேன்..."

"கோயில்ல மந்திரிச்சிப் போக்கியாச்சு. போனது திரும்ப உள்ள வந்துரப்பிடாதுல்லா? அதான் பூராவும் ஒட்டிட்டேன்."

அவர்கள் ஊர்ப்பக்கத்தில் வீசுகிறதும் காத்துதான். பிள்ளைகளை அடிக்கிற பேயும் காத்துதான். தனசீலன் ஒன்றைச் சொல்லியிருந்தார். அவள் மற்றதைக் கேட்டிருந்தாள்.

தனசீலன் தாளின் ஓரத்தில் விரலை வைத்தார். அவள் குறுக்கே பாய்ந்தாள்.

"தொடாதிய! மூத்தவன அந்தக் காத்துதான் கொண்டுட்டுப் போச்சு. பால் குடிச்சிட்டுச் சிரிச்ச பிள்ள. பொறவு கண்ணே தொறக்கல."

"யம்மா, உள்ள வால்வு அடுப்பு மாரி கொதிக்கி. சூடு வெளிய போவலன்னா தாளு பத்தும். தாளு பத்துனா பலக. பலக பத்துனா தூளி."

"சூட்ட நான் பாத்துக்கிடுவேன், ஈரத்துணி போடுவேன். காத்தப் பாத்துக்கிட என்னால ஏலுமா அண்ணாச்சி?"

அவர் கிழித்துவிட்டுப் போனால் நாளை காலையில் அவள் மறுபடி ஒட்டுவாள். அது அவருக்குத் தெரிந்தது.

தனசீலன் ஒரு கையால் தன் மூக்கையும் வாயையும் இறுகப் பொத்திக்கொண்டார். மற்றக் கையால், தாள் அடைத்து மூச்சுமுட்டிக் கிடந்த பெட்டியைக் காட்டினார். அப்படியே நின்றார்.

"என்ன கிறுக்கு இது?" என்று அவள் சிரிக்கப் பார்த்தாள்.

அவர் அசையவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. கண் சிவந்து நீர் கோத்தது. கூரையில் மழை அறைந்துகொண்டிருந்தது. நான் கையைப் பிடித்து இழுத்தேன், இரும்பாக இருந்தது.

"விடுங்க அண்ணாச்சி! செத்துருவிய!" என்று அவள் கத்தினாள்.

விரல் பெட்டியையே காட்டியது.

இசக்கியம்மாள் அவரைப் பார்த்தாள். தூளியைப் பார்த்தாள். அடுத்த நொடி அலறிக்கொண்டு ரேடியோமேல் விழுந்து நகத்தால் தாளைக் கிழித்தாள். ஒரு வரிசை. இன்னொரு வரிசை. மூன்றாவதில் பசை இறுகிக் கிடந்தது. நகம் ஒடிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சுரண்டினாள்.

கடைசித் துளை திறந்த பிறகே தனசீலன் வாயிலிருந்து கையை எடுத்தார்.