என் உயரத்துக்கு ஒரு துப்பாக்கி

தையல் மெஷின் எண்ணெய் வாசனை...

டாலஸ் பக்கத்தில் அந்தத் துப்பாக்கிக் கடையின் கதவைத் திறந்ததும் முதலில் வந்தது அதுதான்.

1997, அக்டோபர். கிரீன் கார்டு கைக்கு வந்து சில மாதங்கள். என் இடுப்பில் வீட்டு பாத்ரூம் எடை மெஷின், குடம் மாதிரி. என் கணவர் சிவா, யாரோ எவரோ என்பதுபோல் இரண்டடி தள்ளி நடந்தார்.

எதற்கு எடை மெஷின் என்று சொல்கிறேன்.

அப்போது டாலஸை ஒட்டிய காப்பெல்லில் குடியிருந்தோம். சிவாவும் அவர் ஆபீஸ் நண்பர் மோகன் அண்ணாவும் ஒவ்வொரு நவம்பரும் மான் வேட்டைக்குப் போவார்கள். நாலு மணி நேர டிரைவ். ஒரு பண்ணை, ஒரு கேபின், பின்னால் சுண்ணாம்புக்கல் மலை. இரண்டு வருடம் நானும் போனேன்.

சமைக்க.

அவர்கள் விடிந்ததும் மலையேறுவார்கள். நான் ஜன்னல் வழியாக அந்த மலையைப் பார்த்தபடி வெங்காயம் நறுக்குவேன்.

மூன்றாம் வருடம் சொன்னேன். நானும் வருகிறேன், துப்பாக்கியோடு.

மோகன் அண்ணா ஈரோட்டுக்காரர். அப்படிச் சிரித்தார்.

"அம்மிணி, நாள் பூரா மேடும் பள்ளமுமா நடக்கோணுமுங்க. துப்பாக்கியே ஒம்பது பவுண்டு. பாதி வழில சிவா கைல குடுத்துருவீங்க."

"குடுக்க மாட்டேண்ணா."

"குடுத்துட்டீங்கன்னா?"

"அடுத்த வருஷத்துலேர்ந்து கேபின விட்டு நகர மாட்டேன். நீங்க குடுத்தா?"

"நானா?" மறுபடியும் சிரிப்பு.

பந்தயம் அவ்வளவுதான். அவரவர் துப்பாக்கியை அவரவர் சுமக்க வேண்டும். தோற்றால் எனக்கு அந்த ஜன்னல்.

ஒரு சனிக்கிழமை வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் உட்கார்ந்தேன். தேர்வு எழுதினேன். லைசென்ஸ் வந்தது. துப்பாக்கி மட்டும் பாக்கி.

செருப்பு, சட்டை, ஃப்ரிட்ஜ்... எதையும் ஒரு சைஸ் பெரிதாக வாங்குவது நம் ஆட்களின் வழக்கம். சிவாவும் அப்படித்தான் ஆரம்பித்தார். நீளமான குழாய், தூரம் பாயும் தோட்டா.

"வாங்கறதே ஒரு தடவ. பெருசாவே வாங்கிடலாமே."

"சுமக்கப் போறது நீங்களா?"

நீளக் குழாயை அவரே திரும்ப எடுத்த இடத்தில் வைத்தார்.

எடை மெஷினைத் தரையில் வைத்தேன். ஊருக்குப் போகும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறி நின்று, நம் எடையைக் கழிப்போமே, அதே கணக்கு. கேட்டலாகில் இருப்பது வெறும் துப்பாக்கியின் எடை. காலிப் பெட்டியின் எடையை நம்பி யாராவது ஏர்போர்ட்டுக்குப் போவார்களா? குறிபார்க்கும் ஸ்கோப், தோள்வார், தோட்டா, எல்லாம் சேர்ந்துதானே தோளில் தொங்கும்.

கடைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு அவரே ஒவ்வொன்றாக எடுத்துவந்து ஸ்கோப்பைப் பிடித்துக் காட்டினார். கேட்டலாகில் ஏழு பவுண்டு என்று போட்டிருந்த ஒன்று என் மெஷினில் ஒன்பதைத் தொட்டது.

எடை மட்டும் போதாது. நான் நாலடி பதினொரு அங்குலம். வாரைத் தோளில் மாட்டி, முதுகுப் பையோடு கடைக்குள்ளேயே நடந்தேன். உட்கார்ந்தேன், எழுந்தேன். நீளமானவை எல்லாம் முழங்கால் மடிப்பில் இடித்தன. துப்பாக்கியின் பின்பக்க மரக்கட்டையைத் தோளில் வைத்தால் கண் ஸ்கோப்புக்கு எட்டவில்லை.

மூலையில் ஒன்று இருந்தது. கட்டை குட்டை, குழாயும் குட்டை. எல்லாம் சேர்த்து ஏழு பவுண்டு. தோளில் வைத்ததும் கண் தானாகச் சரியான இடத்தில் நின்றது.

அது யூத் மாடல், பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கானது என்றார் கடைக்காரர், கொஞ்சம் தயங்கி.

அதைவிட இலேசாக இன்னொன்றும் இருந்தது. இலேசாக ஆக ஆக தோளில் உதைப்பது கூடும் என்று அவர்தான் எச்சரித்தார். மானுக்குப் போதுமான, உதை குறைந்த தோட்டாவோடு அந்தக் குட்டையையே எடுத்தேன்.

"பொம்மையாட்ட இருக்குதுங்," என்றார் மோகன் அண்ணா, வீட்டுக்கு வந்து அதைப் பார்த்ததும்.

இரண்டு வார இறுதிகள் ரேஞ்சில் சுட்டுப் பழகினேன்.

நவம்பர். விடிகாலைக் குளிர். செடார் புதர்களுக்கு நடுவே குனிந்து குனிந்து ஏறினோம். என்னுடையது முதுகோடு ஒட்டிக்கொண்டு வந்தது. மோகன் அண்ணாவின் நீளக் குழாய் கிளைக்குக் கிளை மாட்டியது. பதினோரு மணிக்குத் தோள் மாற்றினார். ஒரு மணிக்கு அதை ஒரு மரத்தில் சாய்த்துவிட்டுப் பாறையில் உட்கார்ந்தார்.

"சிவா... தண்ணி குடிக்கிற வரைக்கும் இதக் கொஞ்சம் புடி."

சிவா என்னைப் பார்த்தார்.

"என்கிட்ட குடுங்கண்ணா. ரெண்டையும் நானே கொண்டு வர்றேன்."

"அட, வேண்டாமுங் அம்மிணி." துப்பாக்கியை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். தண்ணீர் குடிக்கவே இல்லை.

நாலு மணி வாக்கில் ஓடைக்கு எதிர்ச்சரிவில் ஒரு ஆண் மான் நின்றது. மோகன் அண்ணாவுக்கு இன்னும் மூச்சு வாங்கியது. சிவா கையால் சைகை காட்டினார், நீ.

ஒரு முழங்காலை ஊன்றினேன். மூச்சை விட்டு, பாதியில் நிறுத்தி...

ஒரே தோட்டா.

மான் சரிந்து விழுந்தது. கொன்றிருக்கிறோம் என்பது தெரிந்தது. நாள் முழுக்க என் பாரத்தை நானே சுமந்து இங்கே வந்திருக்கிறேன் என்பதும் தெரிந்தது. இரண்டும் ஒன்றாக. இன்றுவரை அவற்றைப் பிரிக்கத் தெரியவில்லை.

அன்று மாலை கேபினில் மோகன் அண்ணா தானாகப் போய்க் கத்தியை எடுத்து வெங்காயத்தின் முன் உட்கார்ந்தார். மோசமாக நறுக்கினார். கண்ணீர் வழிய, "ருசி வந்தாப் போதாதுங்களா?" என்றார்.

இப்போது எனக்கு முழங்கால் வலி. பாதி மலையோடு திரும்பிவிடுகிறேன். கடைகளில் அன்று நான் தேடியதைவிட இலேசானவை வரிசையாக நிற்கின்றன. என்னைவிடக் குட்டையான பெண்கள் யாரிடமும் பந்தயம் கட்டாமல் வாங்கிப்போகிறார்கள். சந்தோஷமாகத்தான் இருக்கிறது... கொஞ்சம் பொறாமையாகவும்.

ஆனாலும் நவம்பர் வந்தால் மோகன் அண்ணாவிடமிருந்து போன் வரும். நானும் வருகிறேனா என்று அந்த வருடத்துக்குப் பிறகு அவர் கேட்டதே இல்லை.

"எத்தன மணிக்குங் அம்மிணி கெளம்பலாம்?"

அதை மட்டும்தான் கேட்பார்.