கொட்டகலைக்கு வந்த கருவாடு

மலைநாட்டுக் கொட்டகலையில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவன், நீச்சலும் தெரியாதவன். என்னைப் போய்ப் பவளப்பாறையைப் பாதுகாக்கும் வேலைக்கு எதற்கு எடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. திருகோணமலைப் பக்கத்தில் ஒரு சின்ன மீனவக் கிராமம். படகுகள் நங்கூரம் போட்டுப் பாறையை உடைக்காமல் இருக்க மிதவை கட்டினோம். மீன் குஞ்சு பொரிக்கும் கரைப் பாறைப் பக்கம் வலை போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். ஊர் சம்மதித்தது, ஆனால் வருமானம் குறைந்தது. அதை ஈடுகட்டப் பெண்கள் வெளிக்கடல் நெத்தலியைக் காயவைத்துக் கருவாடு போட்டார்கள்.

"இத எங்க விக்கிறது?" என்று பெண்கள் சங்கத்தை நடத்திய அக்கா கூட்டத்தில் கேட்டார். நாலு பேர் சும்மா இருந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

"எங்க மலையில வித்துத் தர்றேங்க. எங்க ஆளுங்களுக்குக் கருவாடுன்னா உயிர்."

"தம்பி, உங்கட ஊரில ஒரே மழையெல்லோ?"

"அதெல்லாம் பாத்துக்கலாங்க."

இரண்டு மூட்டையோடு பஸ் ஏறினேன். ஹட்டன் குளிரிலும் பஸ்ஸில் எல்லா ஜன்னலும் திறந்திருந்தன. பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து நின்றுகொண்டே வந்தார். நானோ கடலைக் காப்பாற்றுகிற பெருமையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

வந்ததும் கடைக்குக் கொடுத்திருக்கலாம். சனங்களுக்கு முதலில் விளக்க வேண்டுமே! தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் படம் காட்டி, பவளம் கல் இல்லை, உயிர் என்று நெடுநேரம் பேசினேன். கேட்கப்பட்ட ஒரே கேள்வி, "தம்பி, உப்புத் தூக்கலா இருக்குமா?"

இப்படி நான் ஊர் ஊராகப் பேசி முடிப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மூட்டையைப் பிரித்தால் கருவாடெல்லாம் பூஞ்சணம். தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்க்கும் என் பள்ளிக்கூட நண்பனிடம் ஓடினேன்.

"காத்துல கொழுந்து வாட்டுற மாடியில கொஞ்ச நேரம் பரப்பிக்கிறேன்டா."

"டேய், தேயிலை எல்லா வாசத்தையும் உறிஞ்சிடும். வெளிநாட்டுக்காரன் நெத்தலி டீயா குடிப்பான்?"

தேயிலைக்கு நடுவிலேயே வளர்ந்தவனுக்கு அது தோன்றவில்லை. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் வீட்டுத் தோட்டத்தில் புதைத்தேன். மறுநாள் காலை லயத்து நாய்கள் மொத்தமும் எங்கள் வீட்டு பீன்ஸ் பாத்தியைத் தோண்டிக்கொண்டிருந்தன.

"கடலக் காப்பாத்துறது இருக்கட்டும். மொதல்ல நம்ம போஞ்சிப் பாத்தியக் காப்பாத்துங்க" என்றாள் மனைவி.

அக்காவுக்கு போன் பண்ணி நடந்ததைச் சொன்னபோது மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெண்கள் வெயிலில் நின்று காயவைத்தது அது. இரண்டு மூட்டையும் போய்விட்டதா என்று அக்கா கேட்டார். பிறகு, "மழை விடட்டும், நான் வாறன்" என்றார்.

வந்தார். புதுக் கருவாட்டு மூட்டையை இறக்கி, இரண்டு ஸ்வெட்டருக்குள் நடுங்கிக்கொண்டே கொட்டகலை பஜாரில் அடுப்பு வைத்து ஒரு கை நெத்தலியைப் பொரித்தார். வாசத்துக்கே கூட்டம் கூடியது.

"இது எந்த மீனுங்க?" என்று கொழுந்து பறிக்கிற ஒரு அம்மா கேட்டார்.

"வெளிக்கடல் மீன் அம்மா. கரைப் பாறையில மீன் பெருகட்டும் எண்டு விட்டிட்டம். எங்கட பிள்ளையளுக்கும் மிஞ்ச வேணுமே."

"அப்ப இத வாங்குனா அந்தப் பாறைக்கு நல்லதுங்களா?"

"ஓம்."

அந்த அம்மா இரண்டு பொட்டலம் வாங்கினார். நான் ஊர் ஊராகப் பேசிய பேச்சு முழுவதும் அக்காவுக்கு இரண்டு வரிதான்.

தூறல் விழுந்ததும் அடுப்புக்குக் குடை பிடிக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. காற்றில் குடை பறந்து அக்காவிடம் திட்டு வாங்கினேன். மாலைக்குள் எல்லாம் தீர்ந்தது. அடுத்த மாதத்துக்குச் சொல்லிவைத்தவர்கள் யாரும் என்னிடம் சொல்லவில்லை. அக்காவின் போன் நம்பரைத்தான் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.