துணி விலக்கிய மதியம்

2024 ஜூலை 16, செவ்வாய். காலை ஏழு மணிக்குப் பிரசவ வார்டில் பொறுப்பேற்றேன். ஆக்சிஜன் சிலிண்டரைப் பார்த்தேன். பிறந்த குழந்தையைக் கிடத்தும் வார்மரைப் போட்டுச் சூட்டைச் சரிபார்த்தேன். சலவையிலிருந்து வந்த துணிகளை அளவு வாரியாக அடுக்கினேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பச்சைத் திரைகளை ஊதி ஊதி விட்டுக்கொண்டிருந்தது. வார்டே தண்ணீருக்கடியில் மெல்ல அசைவதுபோல் இருந்தது.

மதியம் உடுமலைப் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு நிறைமாதக் குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. பெண் குழந்தை. முந்தின நாளே ஸ்கேனில் தெரிந்துவிட்டதால் யாரும் அலறவில்லை.

எங்கள் பக்கத்தில் இப்படிப் பிறந்த குழந்தையைத் தாய்க்குக் காட்டும் வழக்கம் இல்லை. முகத்தையும் சேர்த்துத் துணியில் சுற்றி, வெளியே நிற்கும் ஆண்களிடம் கொடுத்துவிடுவோம். அன்றும் சுற்றிவிட்டேன். கணவன் உள்ளே வரத் தெம்பில்லாமல் வெளியே வண்டியருகே நின்றுவிட்டான். மாமனார்தான் கதவருகே கைகளை நீட்டிக்கொண்டு நின்றார்.

"குடுத்துப்போடுங்க அம்மணி. பாத்தா மருமவப் புள்ள தாங்காதுங்க."

அப்போது கட்டிலிலிருந்து அவள் குரல் வந்தது. "ஏனுங்க சிஸ்டர், மூக்கு ஆரு மாதிரிங்க?"

சுற்றும் அவசரத்தில் நான் மூக்கைப் பார்க்கவே இல்லை.

குழந்தையை இழந்தவர்களிடம் எப்படிப் பேசுவது என்று முந்தின மாதம்தான் எங்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்திருந்தது. ஒருத்தி நர்ஸாகவும் இன்னொருத்தி குழந்தையை இழந்த தகப்பனாகவும் நடிக்க வேண்டும். தகப்பனாக நடித்த என் தோழி, "அழுது அழுது தொண்ட காஞ்சுபோச்சுங்க சிஸ்டர், ஒரு டீ சொல்லுங்க" என்றாள். வகுப்பே சிரித்தது. சொல்ல வேண்டிய வாக்கியங்களை அழகாக எழுதி வைத்திருந்தேன். கதவருகே ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"கொஞ்சம் பொறுங்கய்யா. பெத்தவ கேக்கறாங்க" என்றேன்.

"ஊட்டுல கேட்டா என்னனுங்க சொல்றது?"

"சிஸ்டர் பிடிவாதக்காரின்னு சொல்லிப்போடுங்க."

அவர் கைகள் தாழ்ந்தன.

வெந்நீரில் நனைத்த பஞ்சால் குழந்தையின் முகத்தைத் துடைத்தேன். கட்டில் ஓரம் உட்கார்ந்து, அவள் மடியில் வைத்து, துணியை விலக்கினேன். திரை எழுந்து தாழ்ந்தது. வெளிச்சம் அந்தச் சின்ன நெற்றிமேல் வந்து வந்து போனது. அவள் விரலால் மூக்கைத் தொட்டாள்.

"அவரு மூக்குங்க" என்றாள். லேசாகச் சிரித்தாள். "என்ர சப்ப மூக்கு வந்துருமோன்னு பயந்துட்டே இருந்தனுங்க."

பிறகுதான் அழுதாள். நான் அவள் முதுகில் கை வைத்திருந்தேன். மாமனார் தயங்கித் தயங்கி உள்ளே வந்து குழந்தையின் பாதத்தைத் தொட்டார். எதற்கும் மணி பார்த்து எழுதுகிற நான், அந்த நேரத்தைக் குறித்து வைக்கவில்லை. கடைசியில் அவளே துணியை மூடி அவர் கையில் கொடுத்தாள்.

மறுநாள் காலை, பொறுப்பேற்கும் முன்பே நேராக அவள் கட்டிலுக்குப் போனேன். இரண்டொரு நாளில் பால் கட்டும், குழந்தை இல்லை என்று உடம்புக்குத் தெரியாது, வலித்தால் ஈரத்துணி போடலாம், என்னைக் கூப்பிடு என்று, அவள் கேட்கும் முன் நானே சொன்னேன்.