பெஞ்சில் கிடைத்த ஹாஜர்

கபடியில் ஆர்ஷாவைப் பிடிக்க எதிரணிப் பெண்கள் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசிப்பார்கள். பாறசாலைக்காரிக்குக் கால் எப்படியோ வாயும் அப்படி. திருவனந்தபுரத்துக் கல்லூரி ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் பி.காம் இடம் கிடைத்ததே அந்தக் கால்களால்தான். இரண்டாம் வருடம் ஒரு ஆட்டத்தில், கோட்டைத் தொடக் கை நீட்டியவளின் கணுக்காலை ஒருத்தி பிடித்து இழுத்தாள். உடம்பு ஒரு பக்கமும் கால்முட்டு ஒரு பக்கமுமாகத் திரும்பி, உள்ளே லிகமென்ட் அறுந்துபோயிற்று.

ஆபரேஷன் முடிந்து வீட்டில் கிடந்தாள். ரயிலேறித் தம்பானூரில் இறங்கி, பஸ் பிடித்து, மூன்றாம் மாடி வகுப்புக்கு ஊன்றுகோலோடு ஏறுவதென்றால் நடக்கிற காரியமா? ஹாஜர், அதாவது வகுப்புக்கு வந்த நாள் கணக்கு, குறைந்துகொண்டே வந்தது. உடம்பு சரியில்லை என்றால் கல்லூரியில் கொஞ்சம்தான் விட்டுக்கொடுப்பார்கள். அதற்கும் கீழே போனால் பரீட்சை கிடையாது; ஜூனியர்களோடு உட்கார்ந்து அந்த செமஸ்டரை மறுபடி படிக்க வேண்டும். முட்டு வலிக்குக்கூட அழாத பெண் அதை நினைத்து அழுதாள்.

விளையாட்டு ஆசிரியர் தங்கப்பன் சார் ஒரு வழி சொன்னார். பல்கலைக்கழகப் போட்டிக்கான முகாமும் கோழிக்கோட்டுப் பயணமும் ட்யூட்டி லீவு. அத்தனை நாளுக்கும் ஹாஜர் உண்டு. ஆடிக் காலை ஒடித்துக்கொண்டவளுக்கு இல்லாத சலுகை ஆடப் போகிறவளுக்கு! இந்தச் சட்டத்தை எழுதிய புண்ணியவானை ஒருநாள் பார்க்க வேண்டும்.

"எடி, நீ ஆடண்டாம். ஜெர்ஸி போட்டு பெஞ்சில இருந்தா போதும்."

"பன்னெண்டு பேருதானே சார் போக முடியும்? அது சிஜிக்க இடமில்லா?"

"சிஜிகிட்ட நான் பேசுதேன். அவளுக்கு அடுத்த வருசம் உண்டு."

சிஜி அவள் வகுப்புக்காரி. முதல் முறையாக அணியில் பெயர் வந்திருந்தது, பன்னிரண்டாவதாக. "நீ போ, உனக்குப் பரீட்சை முக்கியமில்லா," என்றதோடு சரி. ரயிலில் ஆர்ஷாவின் பையை ஏற்றிவிட்டதும் அவள்தான்.

கோழிக்கோட்டில் ஆர்ஷா காலை நீட்டிக்கொண்டு கைதட்டினாள். ஒரு தடவைகூட மூச்சுப் பிடிக்காமலே விளையாடியதற்குச் சான்றிதழ் வந்தது. அதை வாங்கும்போது அவளுக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

திரும்பி வந்து பரீட்சை எழுதினாள். போன பாடங்கள் போனதுதான்; எப்போதும் முதல் வகுப்பு வாங்குகிறவள் இந்த முறை தட்டுத்தடுமாறி எல்லாவற்றிலும் தேறினாள். பிறகு போட்டிக்குப் போனவர்களுக்கான கிரேஸ் மார்க்கும் வந்து சேர்ந்தது. சிஜி புள்ளியியலில் மூன்று மார்க்கில் தோற்றிருந்தாள். அந்த கிரேஸ் மார்க் இருந்திருந்தால் தேறியிருப்பாள். பாடம் பாக்கி இருப்பதால், அடுத்த வருடம் அணியிலும் சேர்க்க மாட்டார்கள்.

கான்டீனில் ஆர்ஷா அவளைத் தேடிப் பிடித்தாள்.

"கிரேஸ் மார்க்க நம்பித்தான் இருந்தேன்னு நீ ஏன்டி அன்னிக்கே சொல்லல்ல?"

சிஜி சாயாவை ஆற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை.

"சொல்லியிருந்தா நீ போகாம இருந்திருப்பியா?"

ஆர்ஷாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "இல்ல, போயிருப்பேன்," என்றாள். சிஜி சாயாவைக் குடித்து முடித்தாள்.