அக்கா சமைத்த தேங்க்ஸ்கிவிங் வான்கோழி

காலையில் பன் வெந்த இனிப்பு வாசனை... அதற்குள்ளே மிளகும் பூண்டும் கருகுகிற வாசனை. புதுப்பட்டினத்தில் ஒரு பேக்கரியின் பின்வாசலில், நவம்பர் மழையில் நனைந்தபடி நானும் ஏழுமலை மாமாவும் நின்றிருந்தோம். உள்ளே விறகு அடுப்பில் எங்கள் வான்கோழி வெந்துகொண்டிருந்தது.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். நாவலூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் எனக்கு முதல் வேலை. வார நாட்களில் படூரில் ரூம். சனி, ஞாயிறு புதுப்பட்டினத்தில் தேவி அக்கா வீடு. அக்காவின் கணவர்தான் ஏழுமலை மாமா. வேன் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அப்போது எங்கள் ப்ராஜெக்டுக்காக அமெரிக்காவிலிருந்து நான்சி மேடம் வந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒருநாள் லஞ்சில், அடுத்த வாரம் தங்கள் ஊரில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை என்றார். குடும்பமே ஒன்றாக உட்கார்ந்து வான்கோழி சாப்பிடுமாம். "நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். ஹோட்டல் ரூமில் சாண்ட்விச் என்று சொல்லிச் சிரித்தார்.

பேச்சுவாக்கில் இதை அக்காவிடம் போனில் சொன்னேன். அவ்வளவுதான்.

"பண்டிகை அதுவுமா அந்தம்மா தனியா ரொட்டி துன்னுமா? அத்த கேட்டுகினு நீ சும்மா வந்தியா? சனிக்கிழமை வூட்டுக்கு இட்டாந்துடு."

"அக்கா, அவங்க முழு வான்கோழிய ஓவன்ல வெச்சு..."

"வான்கோழிதான? அது இன்னா யானையா?"

திருக்கழுக்குன்றம் தாண்டி ஒரு கிராமத்தில் மாமா வான்கோழி பிடித்து வந்தார். சுத்தம் செய்து பார்த்தால் அக்காவிடம் இருந்த எந்தப் பாத்திரத்திலும் அது அடங்கவில்லை. பேக்கரி பாயிடம் கெஞ்சி, காலை பன் எடுத்த பிறகு அந்தச் சூட்டிலேயே உள்ளே தள்ளினோம். எவ்வளவு நேரம் வேகவேண்டும் என்று யாருக்கும் தெரியாது.

"பன்னுன்னா சொல்லுவேன். இதுக்கு நான் இன்னாத்த சொல்றது?" என்று பாய் கையை விரித்துவிட்டார்.

பதினோரு மணிக்கு வெளியே எடுத்தோம். மேலே கரி. மாமா கத்தியால் குத்திப் பார்த்தார்... உள்ளே வேகாமல் ரத்தம்.

அதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனால் வாசலில் இருபது ஜோடி செருப்பு. மாமாவின் இரண்டு தம்பிகளும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். வெள்ளைக்கார அம்மா வருகிற செய்தி அவர்கள்வரை போயிருந்தது. கரண்ட் இல்லை. மிக்ஸி ஓடாது. பிள்ளைகள் கட்டில்மேல் குதித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில், கையில் பூங்கொத்தோடு நான்சி மேடம். சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கம்பெனி காரில் வந்துவிட்டார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கிளையன்ட்! திங்கட்கிழமை ஆபீசில் எந்த முகத்தோடு நிற்பேன்?

அக்கா வான்கோழியை ஒரு பார்வை பார்த்தாள். அரிவாள்மணையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தொடை, நெஞ்சு, இறக்கை என்று ஐந்தே நிமிடம்... முழு வான்கோழி குழம்புத் துண்டுகளாகிவிட்டது.

நான்சி மேடம் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார். பிறகு சிரித்தார். விழுந்து விழுந்து சிரித்தார். தன் கணவர் டாம், ஒவ்வொரு வருடமும் ஒரு மணி நேரம் அலங்காரமாக வெட்டுவாராம், எல்லாமே ஆறிப்போகுமாம். சொல்லிக்கொண்டே வந்தவரின் குரல் உடைந்தது. டாம் இறந்து எட்டு மாதம்தான் ஆகிறதாம். அவர் இல்லாத அந்தச் சாப்பாட்டு மேஜையைப் பார்க்க முடியாமல்தான் இந்த ட்ரிப்பைக் கேட்டு வாங்கி வந்தாராம்.

நான் அக்காவிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அக்கா எழுந்து கை கழுவினாள். ஒரு முறம் நிறைய சின்ன வெங்காயத்தை மேடத்தின் மடியில் வைத்தாள். பக்கத்திலேயே உட்கார்ந்து தானும் உரிக்க ஆரம்பித்தாள்.

"அக்கா, கெஸ்ட் போய் வெங்காயம்..."

"சும்மா கிட. இத்தினி பேரு எதிர்ல அந்தம்மா எப்பிடி அழும்? உரிச்சுகினே அழுதுட்டு போவட்டும்."

இரண்டு பேரும் உரித்தார்கள். மேடம் நன்றாக அழுதார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு தம்பி மனைவி அம்மியில் மசாலா அரைத்தாள். இன்னொருத்தி பக்கத்து வீட்டில் இரண்டாவது குக்கர் வாங்கி வந்தாள். அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லோரையும் வேலை வாங்கினாள்.

மூன்று மணிக்கு இலை போட்டோம். மேடத்துக்கு மட்டும் நாற்காலி, முன்னால் ஸ்டூல். சாப்பிடும் முன் ஆளுக்கு ஒரு நன்றி சொல்வது தங்கள் வழக்கம் என்றார்.

"இந்த மழைல வண்டி எங்கயும் நிக்காம வந்துச்சே, அதுக்கு" என்றார் மாமா. பிள்ளைகள், ஸ்கூல் லீவுக்கு நன்றி என்று கத்தினார்கள்.

அக்கா யோசித்தாள். "இந்தம்மா வந்துச்சே, அதுக்குத்தான். நான் வடிச்சு கொட்டறத துன்னுட்டு நல்லாகீதுன்னு இந்த வூட்ல ஒரு வார்த்த யாரு சொல்லிகீறாங்க?"

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா இலையைப் பார்த்தார்.

கடைசியாக மேடம். இந்த வருடம் தன்னிடம் சொல்ல ஒன்றும் இருக்காது என்று நினைத்து வந்தாராம். அக்காவைக் கையால் காட்டினார். குழம்பு மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

இன்றைக்கு யோசித்தால் எனக்கு அக்காதான் ஆச்சரியம். ஆங்கிலம் ஒரு வார்த்தை தெரியாது. வசதியும் பெரிதாகக் கிடையாது. ஆனால் யாருக்கு எது வேண்டும் என்பதில் அவளுக்கு ஒரு நிமிடம்கூடத் தடுமாற்றம் வந்ததில்லை.

இப்போது நாவலூரிலேயே எனக்கு ஃப்ளாட் இருக்கிறது. கிச்சனில் பெரிய ஓவன், ஆறு பேர் உட்காரும் டைனிங் டேபிள். போன தீபாவளிக்கு ஊருக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்று, புதிதாகச் சேர்ந்த ஒடிசாக்காரர் ஒருவர் ஆபீசில் சொன்னார். "அச்சச்சோ" என்றேன். தீபாவளியன்று காலையில் ஒரு வாழ்த்து மெசேஜ் தட்டிவிட்டேன். சமைத்ததில் பாதி மிஞ்சி ஃப்ரிட்ஜுக்குப் போனது. அவர் இருந்தது என் வீட்டிலிருந்து இரண்டே தெரு தள்ளி...

இதை நான் இன்னும் அக்காவிடம் சொல்லவில்லை.